கீறல் சிறியதென்றால் நரம்பு பத்திரமா? இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையில் நரம்புப் பாதுகாப்பு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்ட ஒருவரின் காதில் இரண்டு விதமான பேச்சு விழும். "இப்போதெல்லாம் சின்னக் கீறல்தான், தசையைக்கூட வெட்டுவதில்லை, நரம்புக்கு ஒன்றும் ஆகாது" என்பது ஒன்று. "அந்த இடத்தில் பெரிய நரம்பு ஓடுகிறது, கத்தி சற்றே தவறினால் கால் போய்விடும்" என்பது மற்றொன்று. முதலாவது பேச்சு, தோலில் தெரியும் கீறலின் நீளத்தைக் கொண்டு உள்ளே நடப்பதை அளக்கிறது. இரண்டாவது, நரம்புக்கு வரும் கேடு கத்தியால்தான் வரும் என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டுமே பிழையானவை. நரம்புக்கு உண்மையில் எங்கிருந்து ஆபத்து வருகிறது, அதை எப்படித் தவிர்க்கிறார்கள், வந்துவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை மருத்துவம் படிக்காத ஒருவரும் பின்தொடரும் வகையில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

## நரம்பு என்று எதைச் சொல்கிறோம்?

அன்றாடப் பேச்சில் நரம்பு என்ற சொல்லுக்கு மூன்று பொருள் இருப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்னும்போது ஊசி இறங்கியது இரத்தக் குழாயில். "கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்" என்பதிலும் புடைத்தது இரத்தக் குழாய்தான். "குதிகால் நரம்பு இழுக்கிறது" என்று சொல்பவர் தொட்டுக் காட்டுவது பெரும்பாலும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணை. இந்தக் கட்டுரையில் நரம்பு என்பது, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடலின் பிற பகுதிகளுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் இழைக்கற்றையை மட்டுமே குறிக்கும்.

நரம்பை மின்கம்பிக்கு ஒப்பிடுவது வழக்கம். ஓரளவு பொருத்தமான ஒப்பீடுதான். தடித்த கேபிள் ஒன்றைக் குறுக்கே அறுத்தால் உள்ளே பல மெல்லிய கம்பிகள் தனித்தனி உறையோடு தெரிவதுபோல, ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பு உயிரணுவின் நீட்சி. அதற்கு அச்சிழை என்று பெயர். உயிரணுவின் உடல் தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்க, அதிலிருந்து கிளம்பும் அச்சிழை பாதம்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. தசைக்கு ஆணை கொண்டுபோகும் இழைகளை இயக்க இழைகள் என்றும், தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் செய்தி கொண்டுவருபவற்றை உணர்வு இழைகள் என்றும் சொல்கிறோம்.

ஒப்பீடு முறியும் இடம் ஒன்று உண்டு, அதுதான் நமக்கு முக்கியம். கம்பி உயிரற்றது, அதன்மேல் ஒரு கல்லை வைத்தாலும் மின்சாரம் ஓடும். நரம்பு உயிருள்ள திசு; அதன் மேற்பரப்பிலும் உள்ளேயும் ஓடும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்தான் அதற்கு உணவும் உயிர்வளியும் தருகின்றன. காலை மடித்து நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதை எல்லோரும் அறிவோம். அழுத்தப்பட்ட நரம்புக்கு இரத்தம் சரிவரப் போகாததால் செய்தி தடைபடுகிறது. காலை நீட்டியதும் ஊசி குத்துவதுபோல் எரிந்து, சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. அறுவை அரங்கில் நரம்புக்கு நேரும் பெரும்பாலான துன்பங்கள் இதே செயல்முறையின் பெரிய வடிவங்கள்தாம்.

ஆக, நரம்பு அறுபடாமலேயே செயலிழக்கக்கூடும். அழுத்தமோ இழுப்போ அதன் இரத்த ஓட்டத்தைக் கெடுத்தாலே போதும்.

## சிறு கீறல் எதைச் சிறிதாக்குகிறது?

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. மாற்று அறுவையில் தேய்ந்த தலையை அகற்றி, தொடை எலும்பின் உட்குழியில் உலோகத் தண்டு ஒன்றை இறக்கி, அதன் மேல் செயற்கைப் பந்தைப் பொருத்துகிறார்கள்; கிண்ணத்தைச் சுரண்டிச் சீராக்கி அங்கே செயற்கைக் கிண்ணத்தைப் பதிக்கிறார்கள். வழக்கமான முறையில் தோலில் 15 முதல் 25 செ.மீ. வரை கீறுவார்கள். ஏறத்தாழ 10 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த கீறலில், தசைகளைக் கூடுமானவரை வெட்டாமல் விலக்கிச் செய்வதைச் சிறு கீறல் முறை என்கிறார்கள்.

இதை வயிற்றில் துளையிட்டுப் பித்தப்பையை எடுக்கும் அறுவையைப்போல் எண்ணிக்கொள்வது தவறு. அங்கே கேமராவும் மெல்லிய கருவிகளும் மட்டுமே நுழைகின்றன. இங்கே சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள கிண்ணமும், ஒரு சாணை ஒட்டிய நீளமுள்ள தண்டும், அவற்றைப் பொருத்தும் கருவிகளும் உள்ளே போக வேண்டும். குறுகிய வாசல் வழியாகப் பெரிய பீரோவை நுழைக்கும்போது வாசல் நிலைதான் உராய்வைத் தாங்குகிறது, பீரோ சிறிதாகிவிடுவதில்லை. கீறலைச் சுருக்கினால் உள்ளே தெரியும் பரப்பும் சுருங்குகிறது, திசுக்களை விலக்கிப் பிடிக்க அதிக விசையும் தேவைப்படலாம். நரம்பைப் பொறுத்தவரை சிறு கீறல் தானாகவே ஒரு பாதுகாப்பு என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் இம்முறையால் பயன் இல்லையா? உண்டு, ஆனால் அந்தப் பயன் தோலில் இல்லை. தசைகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கும் பாதையில் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வயல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள வரப்பின்மேல் நடந்து போகிறவர் எந்த வாய்க்காலையும் உடைப்பதில்லை. வயலுக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தால் வாய்க்காலை மிதிக்காமல் போவது கடினம். உடலிலும் இரண்டு வேறு நரம்புகளால் இயக்கப்படும் இரண்டு தசைகளுக்கு இடையே இத்தகைய வரப்புகள் உண்டு. அவற்றை நரம்பிடைத் தளம் என்கிறார்கள். தொடையின் முன்புறம், சார்ட்டோரியஸ் என்ற நீண்ட தசைக்கும், டென்சர் ஃபேசியா லாட்டா என்ற வெளிப்புறத் தசைக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படிப்பட்டது. முன்புற முறை என்று இன்று பரவலாகப் பேசப்படும் அறுவை இந்த வழியாகத்தான் நடக்கிறது. புதுமை என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஹூட்டர் இந்த வழியை 1881இலேயே விவரித்துவிட்டார்.

## மூட்டைச் சூழ்ந்திருக்கும் நரம்புகள்

இடுப்பு மூட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்த்தால், நாம் அறிந்திருக்க வேண்டிய நரம்புகள் நான்கு.

பின்புறம் செல்வது சயாட்டிக் நரம்பு. உடலிலேயே தடித்த நரம்பு இதுதான். ஒரு விரலின் அகலம் இருக்கும். இடுப்பெலும்பின் பின்பக்க இடைவெளி வழியாக வெளியே வந்து, கிண்ணத்தின் பின்சுவருக்கு மிக அருகே இறங்கித் தொடையின் பின்னால் ஓடுகிறது. பார்ப்பதற்கு ஒரே நரம்பாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பகுதிகள் ஒரே உறைக்குள் இருக்கின்றன. உட்பக்கம் உள்ளது டிபியல் பகுதி. கெண்டைக்கால் தசைகளை இயக்கிப் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த உதவுவது. வெளிப்பக்கம் உள்ளது பெரோனியல் பகுதி. பாதத்தையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்க உதவுவது.

சயாட்டிக் நரம்புக்குக் காயம் ஏற்படும்போது பெரும்பாலும் அடிபடுவது பெரோனியல் பகுதிதான். இதற்குக் காரணங்கள் உண்டு. அதன் இழைக்கட்டுகள் பெரியவை, அவற்றுக்கிடையே மெத்தைபோல் அமையும் இணைப்புத் திசு குறைவு. அத்துடன் மேலே இடுப்பிலும், கீழே முழங்காலுக்கு வெளிப்புறம் உள்ள சிற்றெலும்பின் கழுத்திலும் அது இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், இழுபடும்போது நெகிழ்ந்துகொடுக்க இடமில்லை. எனவேதான் இடுப்பில் நடந்த அறுவையின் விளைவு பாதத்தில் தெரிகிறது: நடக்கும்போது பாதம் தொங்கி, விரல் நுனி தரையில் இடறும். இதற்குப் பாதத் தொய்வு என்று பெயர்.

முன்புறம் இருப்பது ஃபெமோரல் நரம்பு. தொடையின் முன்னால் உள்ள நாற்றலைத் தசையை இயக்கி முழங்காலை நீட்டச் செய்வது இது. மூட்டுக்கும் இதற்கும் நடுவே இலியோசோவாஸ் என்ற தசை ஒரு மெத்தைபோல் கிடக்கிறது. அந்த மெத்தையின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். இந்த நரம்பு பலமிழந்தால், படி இறங்கும்போது முழங்கால் திடீரென்று மடிந்துகொள்ளும்.

மேற்புறமும் வெளிப்புறமுமாக ஓடுவது மேல் குளுட்டியல் நரம்பு. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயாமல் தாங்கும் தசைகளை இது இயக்குகிறது. தொடை எலும்பின் மேல்பகுதியில், பக்கவாட்டில் கையால் தொட்டு உணரக்கூடிய மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டின் நுனியிலிருந்து மேலே ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் இந்த நரம்பு தசைகளுக்கு நடுவே குறுக்காகச் செல்கிறது. சிலருக்கு அதைவிடவும் அருகில் இருப்பதுண்டு. இது சேதமானால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் ஒருபக்கம் சாயும். இடுப்பு இவ்வாறு சரிவதை 1895இல் விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க்கின் பெயரால் இந்த நடை இன்றும் அழைக்கப்படுகிறது.

நான்காவது, தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு. இது எந்தத் தசையையும் இயக்குவதில்லை. தொடையின் முன்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் உள்ள தோலின் உணர்வை மட்டும் கொண்டுபோகிறது. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடைக்குள் இறங்கி, சிலருக்கு ஓரிரு கிளைகளாகவும் சிலருக்கு விசிறிபோல் பல கிளைகளாகவும் பிரிகிறது. விசிறிபோல் பிரிந்திருந்தால் முன்புறக் கீறல் அதன் ஏதாவதொரு கிளையைக் கடக்காமல் போவது அரிது.

சுருங்கச் சொன்னால்: பின்னால் சயாட்டிக், முன்னால் ஃபெமோரல், மேலே பக்கவாட்டில் மேல் குளுட்டியல், முன்பக்கத் தோலுக்கடியில் தோல் நரம்பு. முதல் மூன்றும் தசையின் பலத்தோடு தொடர்புடையவை; நான்காவது தோலின் உணர்வோடு மட்டும்.

## கத்தியைவிட இழுப்பும் அழுத்தமும்

மூட்டு மாற்று அறுவையில் இயக்க நரம்பு முழுமையாக வெட்டுப்படுவது மிக அரிது. நரம்பைத் துன்புறுத்துபவை வேறு.

அறுவை அரங்கில் ரிட்ராக்டர் என்று அழைக்கப்படும் கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வளைந்த உலோகப் பட்டை. ஒரு முனை கைப்பிடி, மறுமுனை நாக்குபோல் வளைந்து கூர்ந்திருக்கும். அந்த நாக்கை எலும்பின் விளிம்பில் கொக்கிபோல் மாட்டி, கைப்பிடியை வெளிப்பக்கம் சாய்த்தால் நெம்புகோல்போல் தசைகள் ஒதுங்கி மூட்டு கண்ணுக்குத் தெரியும். இதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் உதவி மருத்துவர். கிண்ணத்தின் முன்விளிம்பில் மாட்டும் ரிட்ராக்டரின் நாக்கு எலும்பை ஒட்டியே இருக்கும்வரை இலியோசோவாஸ் தசை நடுவில் நின்று ஃபெமோரல் நரம்பைக் காக்கிறது. நாக்கு எலும்பைவிட்டு வழுக்கித் தசைக்குள் புகுந்தாலோ, சரியான இடத்துக்குக் கீழே மாட்டப்பட்டாலோ, நரம்புக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டர்களில் சுருங்கிவிடும். நோயாளியின் தோலில் இதன் அடையாளம் எதுவும் இருக்காது. கீறல் சிறியதாக இருந்து, உள்ளே பார்க்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தால், கைப்பிடியை இன்னும் கொஞ்சம் சாய்க்கத் தோன்றும். வாசல் நிலையின்மேல் பீரோ உராயும் இடம் இதுதான்.

இரண்டாவது, நீட்சி. நெடுநாள் தேய்மானத்தால் கால் குட்டையாகியிருக்கும். புதிய மூட்டைப் பொருத்தும்போது அந்த நீளத்தை மீட்டெடுக்கிறார்கள். கால் உடனே நீண்டுவிடும்; நரம்பு அப்படி நீளாது. விலங்குகளின் நரம்பை இழுத்துச் செய்த சோதனைகளில், அது 8 விழுக்காடு நீண்டபோதே இரத்த ஓட்டம் தடுமாறத் தொடங்கியது. 15 விழுக்காட்டில் முற்றிலும் நின்றது. காலை 4 செ.மீ.க்கு மேல் நீட்டுவது சயாட்டிக் நரம்புக்கு ஆபத்து என்பது மருத்துவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் எச்சரிக்கை. ஆனால் அது ஒரு மந்திர எண் இல்லை. அதைவிடக் குறைந்த நீட்சியிலும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. பழைய அறுவையின் தழும்பு நரம்பை எலும்போடு ஒட்டவைத்திருந்தால் குறைந்த இழுப்பே போதுமானது. பிறவியிலேயே மூட்டு விலகி, கால் பல செ.மீ. குட்டையாக இருப்பவர்களுக்கு, தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சுருக்கியே மூட்டைப் பொருத்துகிறார்கள். காலை நீட்டத்தானே அறுவை, எதற்கு எலும்பைக் குறைக்கிறார்கள் என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. குறைக்கப்படும் அந்த எலும்பு நரம்புக்காகத்தான்.

மூன்றாவது, இரத்தக் கட்டு. அறுவைக்குப் பின் உள்ளே கசியும் இரத்தம் ஓரிடத்தில் தேங்கி நரம்பை அழுத்தலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மருந்துகள் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தும் திருகாணி தவறான திசையில் செல்வது, செயற்கை மூட்டை எலும்போடு இறுக்கும் எலும்புச் சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் வெப்பம் ஆகியவையும் அரிதான காரணங்கள். எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னும், ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடம் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இந்த ஒரு செய்தியே, நரம்புக் காயம் ஏற்பட்டால் யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டுவது எவ்வளவு அவசரமானது என்பதைக் காட்டும்.

## பாதை மாறினால் ஆபத்தும் இடம் மாறும்

மூட்டை அடைய வழிகள் பல. எந்த வழியும் எல்லா நரம்புகளையும் ஒருசேரத் தவிர்ப்பதில்லை. ஒன்றிலிருந்து விலகும்போது வேறொன்றை நெருங்குகிறோம்.

முன்புற முறையில் சயாட்டிக் நரம்பு வழியில் இல்லை. தோல் நரம்பும் ஃபெமோரல் நரம்பும் இருக்கின்றன. தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போன இடம் ஒன்று மிஞ்சுவது இந்த முறையின் மிகப் பொதுவான விளைவு. எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு, வெளியான ஆய்வுகள் சில விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கும் மேல்வரை மிக வேறுபட்ட விடைகளைத் தருகின்றன. நோயாளி தானாகச் சொன்னால் மட்டும் கணக்கில் எடுப்பதும், ஒவ்வொருவரின் தொடையையும் தொட்டுச் சோதித்துக் கேட்பதும் ஒரே எண்ணிக்கையைத் தராது. நடையை இது பாதிப்பதில்லை. மரத்த பரப்பு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குவது வழக்கம். சிலருக்கு முழுவதும் மறைவதில்லை, மிகச் சிலருக்கு எரிச்சலாக மாறி வாட்டுகிறது. அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் நோயாளி அமைதியாக ஏற்றுக்கொள்கிறார். சொல்லாமல் விட்டால், கால்சட்டைத் துணி தொடையில் உரசும் ஒவ்வொரு முறையும் தனக்குத் தவறு நடந்துவிட்டது என்றே எண்ணுகிறார்.

பின்புற முறையில் சயாட்டிக் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது. வழியிலுள்ள சிறிய சுழற்றும் தசைகளை அவை எலும்போடு சேரும் முனையில் பிரித்துப் பின்பக்கம் மடித்துப் போட்டால், அந்தத் தசைகளே நரம்பின்மேல் போர்வைபோல் அமைந்து ரிட்ராக்டரிடமிருந்து அதைக் காக்கின்றன. பக்கவாட்டு முறையில், இடுப்பைத் தாங்கும் தசையை இழைகளின் போக்கிலேயே பிளந்து உள்ளே போகிறார்கள். பிளவு மேல்நோக்கி நீண்டால் மேல் குளுட்டியல் நரம்பை எட்டிவிடும் என்பதால் எல்லையில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

உண்மையான துளை அறுவை என்று சொல்லத்தக்கது இடுப்பு மூட்டின் ஆர்த்ரோஸ்கோப்பி. மூட்டை மாற்றாமல், கேமரா வழியே உள்ளே பார்த்துச் சீர்செய்வது. கருவி நுழைய இடம் வேண்டும் என்பதால் காலைப் பிடித்திழுத்து மூட்டை ஏறத்தாழ 1 செ.மீ. திறக்கிறார்கள். இழுக்கும்போது உடல் நகராமலிருக்கக் கவட்டையில் ஒரு கம்பத்தை முட்டுக்கொடுப்பது வழக்கம். அங்கே ஓடும் புடெண்டல் நரம்பு அந்தக் கம்பத்தில் அழுந்திப் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி சில நாட்களோ வாரங்களோ மரத்துப்போகலாம். தடித்த மெத்தை சுற்றிய கம்பம், தொடர்ந்து இழுப்பதை 2 மணி நேரத்துக்குள் அடக்குவது, கம்பமே இல்லாத புதிய படுக்கை முறைகள் ஆகியவை இதற்காக வந்தவை. மிகச் சிறிய துளையால் செய்யும் அறுவையில், துளைக்குத் தொடர்பே இல்லாத இடத்திலுள்ள நரம்பு பாதிக்கப்படுகிறது. தழும்பின் நீளத்தைக் கொண்டு நரம்பின் பாதுகாப்பை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல்முறை மூட்டு மாற்று அறுவையில் தசையைப் பாதிக்கும் நரம்புக் காயம் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு நேர்கிறது. ஆய்வுக்கு ஆய்வு இது சற்றுக் கூடியும் குறைந்தும் இருக்கும். பொருத்திய மூட்டை மீண்டும் மாற்றும் அறுவையிலும், பிறவிக் குறைபாடுள்ள மூட்டிலும் அளவு கூடுதல். ஒரு புதிய முறையைக் கற்றுக்கொள்ளும் மருத்துவரின் தொடக்க அறுவைகளில் சிக்கல்கள் சற்று மிகுதியாக இருப்பதும் அறியப்பட்ட ஒன்றே. ஆகவே எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, உங்களுக்கு மிகவும் பழக்கமான முறை எது, அதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

## காயத்தின் மூன்று படிகள்

பிரித்தானிய மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். இன்றும் அதே பிரிவு பயன்படுகிறது.

முதல் படியில் அச்சிழை அறுபடுவதில்லை. அழுந்திய இடத்தில் செய்தி மட்டும் தடைபடுகிறது. கால் மரத்துப்போவதன் நீண்ட வடிவம் என்று இதைக் கொள்ளலாம். நாட்களிலோ வாரங்களிலோ, அதிகம்போனால் சில மாதங்களிலோ முழுமையாகத் திரும்பும். இரண்டாம் படியில் உள்ளே அச்சிழைகள் அறுந்துவிடுகின்றன, ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள குழாய் போன்ற உறை குலையாமல் இருக்கிறது. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழை சிதைந்து மறைய, மேலிருந்து புதிய இழை அதே குழாய் வழியே வளர்ந்து இறங்குகிறது. மூன்றாம் படியில் உறை உட்பட எல்லாம் அறுந்துவிடும். தானாகத் திரும்ப வழியில்லை, நரம்பைத் தைத்து இணைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படியில் புதிய இழை வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பல விஷயங்கள் தெளிவாகும். இடுப்பில் காயமுற்ற சயாட்டிக் நரம்பின் இழை, பாதத்தைத் தூக்கும் முன்கால் தசையை அடைய 45 செ.மீ. வளர வேண்டுமென்றால் 450 நாட்கள், அதாவது ஏறத்தாழ 15 மாதங்கள். ஆணை வராமல் கிடக்கும் தசையோ காலவரையின்றிக் காத்திருக்காது. 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் அதை ஏற்கும் திறனைத் தசை பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஃபெமோரல் நரம்புக்கும் நாற்றலைத் தசைக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு. எனவே அங்கே மீட்சி விரைவாகவும் முழுமையாகவும் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே அளவு காயம், இரண்டு நரம்புகளில் இரண்டு விதமான முடிவைத் தருவதற்குத் தொலைவும் ஒரு காரணம்.

சுருக்கமாக: செய்தி தடைபட்டால் வாரங்கள், இழை அறுந்தால் மாதங்கள் அல்லது ஓராண்டுக்கு மேல், உறையும் அறுந்தால் மறு அறுவை.

## அறுவைக்கு முன்னும் பின்னும்

நரம்பைக் காக்கும் வேலை கத்தியை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. பாதத்தை மேலே தூக்க முடிகிறதா, விரல்களில் உணர்வு இருக்கிறதா என்பதை மருத்துவர் முன்கூட்டியே சோதித்துக் குறித்துவைக்கிறார். முதுகுத்தண்டில் நரம்பு நெரிபட்டவர்களுக்கும், நீரிழிவால் நரம்பு நலிந்தவர்களுக்கும், ஏற்கெனவே தளர்ந்த நரம்பு சிறிய அழுத்தத்தையும் தாங்காமல் போகலாம் என்பதால் இந்தக் குறிப்பு அவசியம். உங்களுக்குக் காலில் மரமரப்போ முதுகுவலியோ பழையதாக இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். காலை எவ்வளவு நீட்டப்போகிறோம் என்பதையும் எக்ஸ்ரேயில் அளந்து திட்டமிடுகிறார்கள்.

முன்புற முறையில் கீறலை இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து சில செ.மீ. வெளிப்பக்கம் தள்ளி இடுவதும், வெளிப்புறத் தசையின் உறைக்குள்ளேயே நின்று வேலை செய்வதும் தோல் நரம்பைக் காக்கும் உத்திகள். ரிட்ராக்டரின் நாக்கு எலும்பிலேயே நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, தேவையில்லாத நேரத்தில் அதைத் தளர்த்துவது, பின்புற முறையில் முழங்காலை மடித்துவைத்துச் சயாட்டிக் நரம்பைத் தளர்வாக வைப்பது ஆகியவை நுட்பமான இயந்திரம் எதுவும் கேட்காதவை. கவனத்தை மட்டுமே கேட்பவை. பார்வைக்கு இடம் போதாதபோது கீறலை 2 செ.மீ. நீட்டிக்கொள்ளத் தயங்காத மருத்துவரை நான் பெரிதும் மதிக்கிறேன். கூடுதலாக நீண்ட அந்தத் தழும்பு தோல்வியின் அடையாளம் இல்லை.

அறுவை முடிந்து முதல் சில மணி நேரம் கால் அசையாமலிருப்பது பெரும்பாலும் முதுகில் போட்ட மயக்க ஊசியின் விளைவு. நரம்பைச் சுற்றி வலிக்கான மருந்து செலுத்தியிருந்தால் மரப்பு இன்னும் நீடிக்கலாம். அது தெளிந்ததும் மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "பாதத்தை முகத்தை நோக்கித் தூக்குங்கள்" என்பார்; பெருவிரலின்மேல் தன் விரலை வைத்து, "என்னை எதிர்த்து மேலே தள்ளுங்கள்" என்பார். பிறகு முழங்காலை நீட்டச் சொல்வார். பார்ப்பதற்குச் சம்பிரதாயமாகத் தோன்றும் இந்த அரை நிமிடத்தில் பெரோனியல் பகுதியும் ஃபெமோரல் நரம்பும் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கும்.

பாதம் தூக்க முடியவில்லை என்று தெரிந்தால் உடனே செய்வது, சயாட்டிக் நரம்பின் இழுப்பைக் குறைக்கும் வகையில் முழங்காலை மடித்து இடுப்பை நிமிர்த்திப் படுக்கவைப்பதும், இறுக்கமான கட்டுகளைத் தளர்த்துவதும்தான். முதலில் நன்றாக அசைந்த பாதம் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பலமிழந்து, பிட்டத்தில் வலியும் வீக்கமும் ஏறிக்கொண்டே போனால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். இது காத்திருக்கக் கூடாத நிலை. கட்டிய இரத்தத்தை விரைவாக வெளியேற்றினால் நரம்பு பிழைக்கும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்குத் திரும்பிய பிறகு இப்படி நேர்ந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்ற நேரங்களில் பொறுமைதான் சிகிச்சையின் பெரும்பகுதி. பாதம் தொங்கினால், கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாங்கியைச் செருப்புக்குள் அணிந்து நடக்கலாம்; கணுக்கால் மூட்டு இறுகிவிடாமலிருக்க இயன்முறை சிகிச்சையாளர் அதை நாள்தோறும் அசைத்துக்கொடுக்கிறார். உணர்வில்லாத பாதத்தில் புண் ஏற்பட்டாலும் வலிக்காது என்பதால் தினமும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நரம்பின் மின்சோதனையை ஏறத்தாழ 3 வாரங்கள் கழித்தே செய்கிறார்கள். அறுந்த இழை சிதைந்து, அதன் விளைவு தசையில் பதிவாக அவ்வளவு காலம் ஆகும். சோதனையை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று பதறும் குடும்பத்தினருக்கு இதை யாரும் விளக்குவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. அறுவை முடிந்த உடனேயோ முதல் இரண்டு வாரங்களுக்குள்ளோ பாதத்தில் சிறிதளவேனும் அசைவு தெரிந்தவர்கள், எதுவும் அசையாதவர்களைவிட நன்றாக மீள்கிறார்கள். எனவே அந்த நாட்களில் கட்டிலருகே இருப்பவர்கள் பார்க்க வேண்டியது தழும்பை அல்ல, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெருவிரலை.